முகம் பார்த்துத் திறப்பது

அம்மா என் லேப்டாப்பைத் தள்ளிவிட்டாள். கை தவறி விழுந்தது என்று அக்கா சமாதானம் சொன்னாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. லேப்டாப் இருந்தது, படுக்கைக்குக் குறுக்கே வந்து நிற்கும் சக்கர மேசையில். அதில் அம்மாவின் சாப்பாட்டுக் கிண்ணம், தண்ணீர்க் குவளை, மாத்திரை டப்பா எல்லாம் ஓரத்தில் ஒடுங்கியிருக்க, நடுவில் என் பழைய லேப்டாப் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு முழங்கையால் ஒரே தள்ளு. கீல் பிய்ந்து, திரை கட்டிலுக்கடியிலும் மிச்சம் என் காலடியிலுமாகக் கிடந்தது.

"அது யாரோடது?" என்று கேட்டாள்.

"என்னோடதும்மா."

"பத்திரமா வெச்சுக்கக் கூடாதா, பெரியவனே?"

நான் பெரியவன் இல்லை, சின்னவன். பெரியவன் என் அண்ணன். அலுவலகத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன் அங்கேயே சாய்ந்துவிட்டான், பல வருஷம் ஆகிறது. அப்போது அம்மா நல்ல நினைவோடு இருந்தாள், அழ வேண்டியதையெல்லாம் அழுதாள். இப்போது மறதி நோய் அவள் தலைக்குள் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு போகிறது. முதலில் அண்ணன் செத்ததைப் பூட்டியது, அடுத்து என்னை. அக்காவை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே "பாப்பா வந்துட்டா" என்பாள். அதில் எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

ஆரம்பத்தில் நான் திருத்தப் பார்த்தேன். "நான் சின்னவன்மா" என்பேன். "அப்ப பெரியவன் எங்க?" என்பாள். அதற்கு உண்மையான பதிலைச் சொன்ன அன்று, அப்போதுதான் சேதி வந்ததுபோல மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் மறந்துவிட்டு மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னொரு தடவ அவள அழ வெச்சே, உன்ன நான் அழ வெப்பேன்."

அதோடு திருத்துவதை விட்டேன். ஆனால் ஆசையை விடவில்லை. ஒரே ஒரு தடவை அம்மா என் முகத்தைப் பார்த்துச் "சின்னவனே" என்று கூப்பிட வேண்டும். அதிகக் காலம் இல்லை என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பகல் முழுக்க அம்மாவோடு இருப்பது நான்தான். அக்கா ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம்தான் வருவாள். என் வேலை, சாமான்களோடு வரும் கையேடுகளை எழுதுவது. மிக்ஸி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி எதை நீங்கள் வாங்கினாலும் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, அது. "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்று ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். யாரும் படிக்க மாட்டார்கள், ஈரக் கையால்தான் தொடுவார்கள். உலகத்திலேயே கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, அதை நம்பவும் செய்கிற ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

அப்படிப்பட்டவன் லேப்டாப் வாங்கப் போனால் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த விற்பனையாளர், நடுத்தர வயதுக்காரர், நல்ல பொறுமைசாலி.

"என்ன வேலைக்கு சார்? கேமா, வீடியோ எடிட்டிங்கா?"

"அம்மா பக்கத்துல உக்காந்து வேலை பாக்க."

அவர் ஒரு கணம் யோசித்தார். "அப்ப சின்னதா இருக்கணும். பேட்டரி நல்லா நிக்கணும்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் தேவைகளைச் சொன்னேன். கிண்ணத்துக்குப் பக்கத்தில் மிஞ்சுகிற இடம் ஒரு பள்ளி நோட்டு அளவுதான், அதற்குள் அடங்க வேண்டும். உள்ளே விசிறி இரையக் கூடாது, இரைந்தால் அம்மா விழித்துக்கொள்வாள். திரை பளபளக்கக் கூடாது, கறுத்த கண்ணாடியில் தன் முகம் தெரிந்தால் "யாரு இந்தக் கெழவி" என்று பயப்படுவாள். கீல் உறுதியாக இருக்க வேண்டும், காரணம் சொன்னேனே. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு கையால் திறக்க வர வேண்டும். என் இடது கையை அம்மா பிடித்துக்கொண்டால் விடுவதில்லை.

வரிசையாக வைத்திருந்த அத்தனையையும் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல அழுத்திப் பார்த்தேன். ஒரு விரலால் மூடியைத் தூக்கினால் சிலது அடிப்பாகத்தோடு எழுந்து வந்தது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் சிலது முனகியது. விசைகளுக்கு நடுவில் அழுத்தினால் சிலது மெத்தைபோல அமுங்கியது. பெரிய விலைச் சீட்டு ஒட்டிய ஒன்று, மேசையைத் தட்டியதும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. அதை வாங்குகிறவர் வீட்டில் ஆமாம் போட ஆள் தேவைப்படாது என்றேன். விற்பனையாளர் சிரிக்காமல் அடுத்ததை எடுத்து வைத்தார்.

அது சாம்பல் நிறத்தில், முழுக்க உலோகத்தில், கைக்கு அடக்கமாக இருந்தது. ஒரு விரல் பட்டதும் மூடி எழுந்து, விட்ட இடத்தில் நின்றது. அழுத்தினேன், வளையவில்லை. காதருகே வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை.

"பாஸ்வேர்டு அடிக்க வேணாம் சார். மூஞ்சியப் பாத்துத் தொறக்கும். ஒரு கை போதும்னீங்களே, இதுக்கு அந்த ஒரு கைகூட வேணாம்."

"ஃபோட்டோவக் காட்டினா?"

"தொறக்காது. உயிருள்ள மூஞ்சி வேணும்."

வீட்டுக்கு வந்து கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. புகைப்படம், பொம்மை, முகமூடி எதற்கும் திறக்காது. பயன்படுத்துபவரின் இரண்டு கண்களும் கேமராவை நேராகப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் சொர்க்கம். மூடியைத் தூக்கினால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கும். திரையில் "உங்களைத் தேடுகிறது" என்று வரும். அடுத்த நொடி "நல்வரவு". இந்த வீட்டில் என்னைச் சரியாக அடையாளம் கண்டுகொள்ள ஒன்றாவது வந்ததே என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா சாப்பிட மறுக்க ஆரம்பித்தாள். கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வாள். என்னை உற்றுப் பார்த்து, "கண்ணாடி எங்க, பெரியவனே? கண்ணாடி இல்லாம யாரோ மாதிரி இருக்க" என்பாள். அண்ணன் தடித்த சட்டம் போட்ட கறுப்புக் கண்ணாடிக்காரன். அதை அக்கா தன் அலமாரியில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"போட்டுக்கோ" என்றாள்.

"நான் என்ன நாடகக் கம்பெனியா?"

"அவ சாப்பிடணும். போடுடா."

அண்ணன் பவரில் எனக்குத் தலை சுற்றியது. கடையில் கொடுத்து வெறும் கண்ணாடி போட்டு வாங்கினேன். செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று வகிட்டையும் அவன் மாதிரி வலப்பக்கம் மாற்றினேன். அம்மா என்னைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது.

ஆனால் லேப்டாப் திறக்கவில்லை. சிவப்புப் புள்ளி மினுங்கியது, தேடியது, "உங்களை அடையாளம் காண முடியவில்லை" என்றது. கண்ணாடியைக் கழற்றினால் அம்மா மெல்லுவதை நிறுத்திவிடுவாள். கழற்றவும் முடியாது, வேலையை விடவும் முடியாது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே கையேட்டில் ஒரு பக்கம் இருந்தது. தோற்றம் மாறினால் "அடையாளத்தை மேம்படுத்து" என்ற பொத்தானை அழுத்தி மறுபடி முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். வேறு எவனாக இருந்தாலும் நாலு இலக்க ரகசிய எண்ணை அடித்துவிட்டுப் போயிருப்பான், கையேட்டில் சொன்னதைச் சொன்னபடி செய்யும் பைத்தியம் நான் ஒருவன்தானே. அது தயங்கிய போதெல்லாம் காட்டினேன். காட்டும்போது அண்ணன் மாதிரி கீழுதட்டை லேசாகக் கடித்துக்கொள்ளவும் பழகியிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை, தானாக வந்தது.

ஒரு மதியம் அம்மாவின் சாப்பாட்டைச் சூடாக்கச் சமையலறைக்குப் போனேன். எழுந்து போகும்போது மேசையை அவள் கைக்கு எட்டாமல் ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டுத்தான் போவேன். ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, மடித்த போர்வைகள் வைக்கும் இடம். போர்வைகளை அன்று துவைக்கப் போட்டிருந்ததால் நாற்காலி காலியாக இருந்தது. லேப்டாப் அதற்கு முகம் காட்டி நின்றது, திரை பூட்டியிருந்தது. நான் கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது திரை திறந்திருந்தது. நான் பாதியில் விட்ட கையேட்டுப் பக்கம் வெளிச்சமாகத் தெரிந்தது.

அம்மா நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பூட்ட மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மறக்காமல் பூட்டினேன். அறையை விட்டு வெளியே போய், கதவு இடுக்கில் நின்று பார்த்தேன், அங்கிருந்து திரை பக்கவாட்டில் தெரிந்தது. அம்மா நாற்காலியிடம் ஏதோ கேட்டாள். பதில் கேட்பதுபோல இருந்துவிட்டு, "ம்" என்றாள். சிவப்புப் புள்ளி மினுங்கியது. "உங்களைத் தேடுகிறது." நான் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். "நல்வரவு."

நல்ல வெயில், தெருவில் காய்கறி வண்டிக்காரர் விலை சொல்லிக்கொண்டு போகிறார், பக்கத்து வீட்டில் குழாய் ஓடுகிறது. அந்தச் சத்தங்களுக்கு நடுவில் எந்தச் சத்தமும் போடாத அந்தச் சாமான் யாரையோ பார்த்துவிட்டு வரவேற்றது. விசிறி இரையக் கூடாது என்று தேடித் தேடி வாங்கியவன் நான்தான். கொஞ்சம் இரைந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

பயந்தாலும் நான் கையேட்டுக்காரன், சோதனை செய்யாமல் விட மாட்டேன். நாற்காலியில் தலையணையை நிறுத்திப் பார்த்தேன், திறக்கவில்லை. அண்ணனுடைய புகைப்படத்தைச் சாய்த்து வைத்தேன், திறக்கவில்லை. அக்காவை உட்காரச் சொன்னேன், அடையாளம் காண முடியவில்லை என்றது. எல்லாரையும் எழுப்பிவிட்டு நாற்காலியைக் காலியாக விட்டால், அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தால், திறந்தது. அக்கா அதை ஒரு தடவை கண்ணால் பார்த்தாள்.

"ரிப்பேரா இருக்கும். கொண்டுபோய்க் காட்டு" என்றாள். சொல்லும்போது நாற்காலிக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்து வெளியே போனாள்.

சர்வீஸ் சென்டரில் இருந்த பொறியாளர் பெண் கெட்டிக்காரி. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, மாட்டி, தன் முகத்தையும் தன்னோடு வேலை பார்ப்பவர்கள் முகத்தையும் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள்.

"யாருமே இல்லாதப்ப தொறக்குதும்மா."

"அப்பிடித் தொறக்காது சார். இது மூஞ்சிய மட்டும் பாக்காது, கண்ணப் பாக்கும். ரெண்டு கண்ணும் தன்னப் பாக்குதானு தெரிஞ்சாத்தான் தொறக்கும்."

"அப்ப யாரோ பாக்கறாங்களா?"

அவள் லேப்டாப்பை உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், விற்றிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்றால், அம்மா தேறினாள். உண்மையாகவே தேறினாள். மதியங்களில் நாற்காலியைப் பார்த்துப் பேசினாள், சிரித்தாள், தானே கரண்டியைப் பிடித்தாள். கன்னத்தில் சதை வைத்தது. நான் இனி கண்ணாடி போட வேண்டியிருக்கவில்லை, வகிட்டைப் பழையபடி இடப்பக்கம் எடுத்தேன். நிஜப் பெரியவன் வந்துவிட்டதால் நாடகப் பெரியவனுக்கு வேலை போய்விட்டது. சரி, இனிமேல் நான் சின்னவனாக இருக்கலாம் என்று நினைத்தேன். பெரியவன் அங்கே உட்கார்ந்திருந்தால், இங்கே உட்கார்ந்திருப்பவன் சின்னவன்தானே. கணக்கு சரியாகத்தான் வந்தது.

ஒரு நாள் அவள் அருகில் குனிந்து, வகிடெடுத்த தலையும் வெறும் முகமுமாக, "அம்மா, நான் யாரு, சொல்லு" என்று கேட்டேன்.

அம்மா என்னை மரியாதையாகப் பார்த்தாள். வெளியாட்களைப் பார்க்கும் பார்வை.

"நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க" என்றாள். "உங்க வீட்ல தேட மாட்டாங்களா? பெரியவன் இருக்கான், நீங்க கெளம்பறதுன்னா கெளம்புங்க."

என்னைப் பெற்றவள் என்னை "நீங்க" என்று கூப்பிட்டாள். பெரியவனாக இருந்தபோதாவது நான் அவளுக்குப் பிள்ளையாக இருந்தேன். அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வயதில் வெட்கம்தான், என்ன செய்ய.

அதே வாரம் லேப்டாப்பும் என்னைக் கைவிட்டது. மூடியைத் தூக்கினால் தேடும், என் முகத்தையே வெறித்துக்கொண்டு தேடும். அடையாளம் காண முடியவில்லை. கண்ணாடி போட்டுக் காட்டினேன், கழற்றிக் காட்டினேன், உதட்டைக் கடித்துக் காட்டினேன். முடியவில்லை, முடியவில்லை. என் காசில் நான் வாங்கிய சாமானுக்குள் நான் ரகசிய எண்ணை அடித்துத் திருடன் மாதிரி நுழைய வேண்டியிருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினால் மட்டும் கேட்க வேண்டாம், நல்வரவு.

பயம் எப்போது போனது என்று தெரியவில்லை, அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அண்ணன் வந்துவிட்டால் எல்லார் முகமும் அவன் பக்கம் திரும்பிவிடும். அவன் கெட்டவன் இல்லை. என்மேல் உயிராகத்தான் இருந்தான். யாராவது அவனை மட்டும் மெச்சினால் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவான், நான் தனியாக நின்று பாராட்டு வாங்கட்டும் என்று. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். செத்த பிறகாவது எனக்கு ஒரு மதியத்தை விட்டுக் கொடுக்கக் கூடாதா என்று நினைத்தேன். இதை அக்காவிடம் சொன்னால் செருப்பு பறக்கும், அதனால் சொல்லவில்லை.

லேப்டாப்பில் இருக்கும் அந்த முகப் பதிவை அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மா தூக்கமும் விழிப்புமாகக் கிடந்த மதியம் அது. மேசையை என் பக்கம் இழுத்து, எண்ணை அடித்துத் திறந்து, "முகப் பதிவை அகற்று" என்ற இடத்துக்குப் போனேன். என் இடது கை வழக்கம்போல அம்மாவின் பிடியில் இருந்தது. யாருடைய கை என்று தெரியாமலே பிடித்திருந்தாள். அழுத்தினேன். "அகற்றப்பட்ட முகத்தை மீட்க முடியாது. தொடர வேண்டுமா?" என்றது. ஆமாம் என்றேன். "உறுதிப்படுத்தக் கேமராவைப் பாருங்கள்" என்றது.

பார்த்தேன். சிவப்புப் புள்ளி மினுங்கியது.

"உங்களை அடையாளம் காண முடியவில்லை."

கீழே எண்ணை அடித்து உறுதிப்படுத்தவும் வழி இருந்தது. என் வலது கை அதற்குப் போன நேரத்தில், அம்மா கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள். புறப்படுகிறவரைத் தடுப்பதுபோல என் கையை உதறிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்தாள். மேசை சக்கரத்தில் வழுக்கித் திரும்பியது. லேப்டாப் நாற்காலியைப் பார்த்து நின்றது. கீல் துளியும் அசையவில்லை, அவ்வளவு நல்ல கீல்.

அது தேடியதும் நான் திருப்பப் போனேன், கை எட்டவில்லை. நாற்காலிப் பிரம்பு, உட்கார்ந்திருந்தவர் முன்னால் சாயும்போது சத்தம் வருமே, அப்படி ஒரு தடவை கிறீச்சிட்டது. நானும் அம்மாவும் அதைத் தொடவில்லை. திரையின் வெளிச்சம் மாறியது. எட்டிப் பார்த்தேன்.

"நன்றி. உங்கள் முகம் உறுதி செய்யப்பட்டது. பதிவு அகற்றப்பட்டது."

அழிக்க அனுமதி கேட்டது அது, அவன் கொடுத்துவிட்டான். நான் யாரை அழிக்கிறேன் என்று தெரிந்துதான், கேமராவை நேராகப் பார்த்து, இரண்டு கண்ணாலும் பார்த்துக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல வந்தேன், அண்ணா என்று சொல்ல வந்தேன். சிவப்புப் புள்ளி அணைந்துவிட்டது. பிரம்பு நாற்காலி வெறும் பிரம்பு நாற்காலியாக இருந்தது, அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கு முன்பு அது அப்படி இருக்கவில்லை என்பது மட்டும் அந்த நொடியில் தெரிந்தது.

அம்மாவின் பார்வை நாற்காலியிலிருந்து வாசல் கதவு வரை மெதுவாக நகர்ந்தது, நடந்து போகும் ஒருவரைப் பார்ப்பதுபோல. கதவில் கொஞ்சம் நின்றது. பிறகு என்னிடம் வந்தது. என் நெற்றி, மூக்கு, வகிடு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நீ எப்படா வந்த, சின்னவனே?" என்றாள்.

எத்தனை நாள் கேட்க ஏங்கிய வார்த்தை. நான் கட்டிலில் தலையை வைத்து அவள் கையை என் முகத்தில் வைத்துக்கொண்டேன். அவள் என் காதைப் பிடித்து, சின்ன வயதில் செய்வதுபோல லேசாகத் திருகினாள். இளைத்துவிட்டாய் என்றாள். அது நான்தான், என் காதுதான், வேறு யாருடையதும் இல்லை.

"நீ வந்தேன்னுதான் அவன் எந்திரிச்சுப் போனான்" என்றாள். "உனக்கு எடம் விட்டுட்டுப் போறான். எப்பவும் அப்பிடித்தானே. சாப்பிடக்கூட இல்ல."

"அம்மா."

"வாசலத் தாண்டியிருக்க மாட்டான். போய்க் கூப்பிடு, சின்னவனே. நீ கூப்பிட்டா வருவான்."

சின்னவனே என்று கூப்பிட்டு அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது சும்மா வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் கூப்பிட வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் இருந்தது. செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். வெயிலில் தார் சுட்டது. இரண்டு பக்கமும் பார்த்தேன், யாரும் இல்லை.

"அண்ணா" என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

பள்ளியில் அரைநாளோ என்னவோ, அக்கா பையோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். என் வெறுங்காலைப் பார்த்ததும் நடை நின்றது. அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாள்.

"என்னடா? யாரக் கூப்பிடற?"

"அண்ணன. இப்பத்தான் போறான். நான்தான் போக வெச்சேன். அம்மா கூப்பிடச் சொன்னா." மூச்சு வாங்கியது. "என்ன சின்னவனேன்னு கூப்பிட்டா, அக்கா. என்கிட்ட சொன்னா, கூப்பிடச் சொல்லி."

திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போ, தெருவே பார்க்கிறது என்பாள் என்று நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், வீட்டு வாசலைப் பார்த்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்த வெறும் தெருவைப் பார்த்தாள். பையைத் தரையில் வைத்தாள்.

"அந்தப் பக்கம் நீ போ" என்றாள். "இந்தப் பக்கம் நான் பாக்கறேன்."

நான் நடந்தேன். எனக்குப் பின்னால், தெருவின் மறுமுனையில், அக்கா அவனைக் கூப்பிடுவது கேட்டது.